மூச்சை மட்டும் குத்து

என் மகளுக்கு மூன்று வயது நிறைந்தபோது நான் அவளைத் தூக்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மற்ற எல்லோரும் தூக்கினார்கள். அவள் அப்பா தூக்கினார். தபால்காரர் தூக்கினார். பள்ளிக்கூடத்துப் பெரிய பெண்கள் முறை வைத்துக்கொண்டு தூக்கினார்கள். பஸ் கண்டக்டர்கூட ஒற்றைக் கையால் அலாக்காகப் படிமேல் ஏற்றிவிட்டார். பெற்றவள் நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது நான் அழுததே இல்லை, எல்லோர் மேலும் எரிந்துதான் விழுந்தேன். எனக்கு வருத்தம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். இந்தக் குணத்துக்கு இத்தனை வயதாகியும் வைத்தியம் கிடைக்கவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. என் கணவருக்கு ஜவ்வாது மலையில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. நான் கண்ணமங்கலத்துக்காரி, கல்யாணமாகி மலை ஏறியவள். பள்ளிக்கூடத்தை ஒட்டி ஓடு போட்ட இரண்டு அறை வீடு. போளூரிலிருந்து காலையில் ஒரு பஸ் வரும், சாயங்காலம் ஒரு பஸ் வரும், மழை பிடித்துக்கொண்டால் இரண்டும் வராது. தண்ணீருக்குச் சரிவில் இறங்கி ஊற்றுக்குப் போக வேண்டும். இதெல்லாம் எனக்குக் கஷ்டமாகவே தெரியவில்லை. பிறந்த வீட்டிலிருந்து ஒரு தையல் மிஷின் கொண்டுவந்திருந்தேன். பிள்ளைகளின் கிழிந்த சட்டையெல்லாம் என்னிடம்தான் வரும். இடுப்பில் குழந்தை, கையில் வேலை, வாயில் ஓயாத பேச்சு, அதுதான் நான்.

ஒரு ஐப்பசிக் காலையில் ஊற்றங்கரையில் அது நடந்தது. ஒரு பக்க இடுப்பில் நிறை குடம். மறுபக்கத்துக்கு, "தூக்கு தூக்கு" என்று கை நீட்டிய குழந்தையை வாரி எடுக்க ஒருக்களித்துக் குனிந்தேன். முதுகுக்கும் இடுப்புக்கும் நடுவில் என்னவோ பிடுங்கியது. குடம் விழுந்து சரிவில் உருண்டுபோனது. குழந்தையை நான் விடவில்லை. அவளை அணைத்தபடியே ஈரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. பள்ளிக்கூட மணி அடிக்கும் வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம், அப்புறம்தான் அவர் தேடிக்கொண்டு வந்தார்.

வேலூரில் ஒரு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். எலும்பு ஒன்றும் உடையவில்லை, கொஞ்ச நாள் பலகையில் படுங்கள், குனியாதீர்கள், கனம் தூக்காதீர்கள், இடுப்புக்கு பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள், மறுபடி வந்து காட்டுங்கள் என்றார். நல்ல மனுஷர். நான்தான் மறுபடி போகவில்லை. மலை இறங்கும் பஸ்ஸின் குலுக்கலை நினைத்தாலே பெல்ட்டை இன்னும் இறுக்கிக்கொள்வேன். அவர் சொன்ன கொஞ்ச நாளை நானாகவே பதினாலு மாதமாக இழுத்துக்கொண்டேன்.

வலி எந்நேரமும் இருந்தது என்று சொல்ல மாட்டேன். பயம் எந்நேரமும் இருந்தது. குனிவதற்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். பலகையிலிருந்து எழும்போது பிடிப்பேன். அடுப்பிலிருந்து பானையை இறக்கும்போது பிடிப்பேன். மூச்சை விட்டால் உள்ளே ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்து நான் சரிந்துவிடுவேன் என்று அத்தனை உறுதியாக நம்பினேன். பெல்ட்டை இறுக்கி, வயிற்றை எக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு நாளில் பாதி நேரம் தண்ணீருக்குள் முங்கினவள் மாதிரி இருந்தேன். அப்படி இருந்தது எனக்கே தெரியாது.

ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. இந்த வயதிலேயே வாத்தியார் பெண்டாட்டிக்கு இடுப்பு போய்விட்டது என்று நாலு பேர் இரக்கப்படுவதைக் கேட்பதற்குக் கதவைச் சாத்திக்கொள்வது மேல் என்று இருந்தேன். யாருக்கும் மூச்சு விடக்கூடாது என்று கணவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டேன். பாவம், பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் அவரே தண்ணீர் எடுத்தார், அவரே களி கிளறினார். களி முழுக்கக் கட்டி கட்டியாக இருக்கும். அந்தக் களியைப் பற்றி நான் பேசிய பேச்சையெல்லாம் அந்த மனுஷன் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டார்.

குழந்தைக்கும் அவர்தான் சொல்லிவைத்தார். "அம்மாவ தூக்கச் சொல்லக் கூடாது, சரியா கண்ணு?" அவள் சரி என்றாள். அவ்வளவுதான், அதற்கப்புறம் ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட அவள் என்னைப் பார்த்துக் கையை நீட்டவில்லை. அடம் பிடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவள் தனக்கென்று வழி கண்டுபிடித்துக்கொண்டாள். கட்டில்மேல் ஏறி நின்று என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். முக்காலியை இழுத்துவந்து போட்டு அதன்மேல் நின்று எனக்கு முத்தம் கொடுத்துவிட்டு, மறுபடி முக்காலியை அது இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைப்பாள். ஒரு நாள் ஜன்னலுக்கு வெளியே இன்னொரு குழந்தையிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"எங்கம்மா ஒடஞ்சிருக்குது. தூக்காது."

குரலில் வருத்தமே இல்லை. எங்க வூட்டு ஓடு ஒடஞ்சிருக்குது என்று சொல்கிற அதே குரல். அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க நான் அவரோடு சண்டை போட்டேன். எதற்காக என்று அவருக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

இன்னொரு விஷயமும் இருந்தது. எங்கள் வாசல்படியில் அவ்வப்போது ஏதாவது வைத்திருக்கும். ஒரு பிடி நெல்லிக்காய், தொன்னையில் தேன், ஒரு முறை ஒரு சீப்பு வாழைப்பழம். யார் வைத்தார்கள் என்று தெரியாது. ஒருத்தரும் உள்ளே வர மாட்டார்கள். முன்பெல்லாம் என்னோடு வம்பளந்த பெண்கள்கூட எங்கள் வீட்டைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு போனார்கள். இவர்களுக்கு என்ன அவ்வளவு கர்வம், ஒரு எட்டு வந்து பார்த்தால் குறைந்தா போய்விடுவார்கள் என்று கறுவிக்கொண்டிருந்தேன். கதவைச் சாத்தியது நான்தான் என்பது வசதியாக மறந்துபோயிற்று. தேனை மட்டும் மிச்சம் வைக்காமல் நக்கித் தீர்த்தேன்.

அடுத்த வருஷம் தை மாதம். சாமை அறுத்து அடித்து முடிந்திருந்தது. மூன்று நாளாக பஸ் வரவில்லை, வீட்டில் அரிசிப் பானை அடி தட்டிவிட்டது. அவர் பள்ளிக்கூடத்தில். கொஞ்சம் சாமையரிசி வாங்கி வரலாம் என்று பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நானே மெல்லக் கிளம்பினேன். மகள் என் முந்தானையைப் பிடித்தபடி நடந்துவந்தாள்.

ஊர் நடுவில் பலாமரத்தடியில் உரல்கள் புதைத்த இடம். ஒரு உரலைச் சுற்றி மூன்று பெண்கள் நின்று சாமை குத்திக்கொண்டிருந்தார்கள். உலக்கைகள் ஒன்றுக்கொன்று வழிவிட்டு ஏறி இறங்கின. உலக்கை இறங்கும்போதெல்லாம் குத்துகிறவள் வாயைக் குவித்து "ஊஸ்" என்று மூச்சை விடுவாள். மூன்று உலக்கைக்கும் மூன்று ஊஸ். தூரத்தில் வரும்போதே அது கேட்கும்.

அவர்களில் ஒருத்திக்கு என் வயதுதான் இருக்கும். நெல்லிவாசல்நாட்டுப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், நெடுநெடுவென்று உயரம். அவள் பெயரை எழுதப்போவதில்லை. சாமைக்காரி என்று வைத்துக்கொள்கிறேன். நேரில் அப்படிக் கூப்பிட்டால் உலக்கையோடு வருவாள். என்னைப் பார்த்ததும் குத்துவதை நிறுத்திவிட்டு முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டாள்:

"வேண்டுதல் முடிஞ்சிச்சாம்மா?"

"இன்னா வேண்டுதல்?"

"பலகமேல படுத்துக்கினு, கதவ சாத்திக்கினு, பெத்த கொழந்தயகூட தூக்காம கெடந்தீங்களே! பெரிய வேண்டுதலாட்டம் கீதுன்னு நாங்க அந்தப் பக்கம் சத்தமே போடல. படியில தேன வச்சிட்டு வந்துடுவோம்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பதினாலு மாதமாக என்னை ஒதுக்கிவைத்திருக்கிறார்கள் என்று நான் நினைத்தேன். என் விரதம் கலைந்துவிடக் கூடாதே என்று அவர்கள் விரதம் இருந்திருக்கிறார்கள். அந்த நிமிஷமே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எங்கே சொன்னேன்? மூன்று பேரும் என்னை அத்தனை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஆமா, முடிஞ்சிருச்சி" என்றேன்.

அப்படியென்றால் நல்லதாயிற்று என்று சாமைக்காரி தன் பக்கத்தில் சாய்த்திருந்த ஒரு உலக்கையை எடுத்து என்னிடம் நீட்டினாள். அந்த ஊரில் ஒரு வழக்கம். குத்துகிற இடத்துக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. கலெக்டரே வந்தாலும் ஒரு குத்தாவது குத்திவிட்டுத்தான் பேச வேண்டும்.

"வெறுங்கையா நிக்கக் கூடாதும்மா. ஒரு கை போடுங்க. இல்லாட்டி சாமை கோவிச்சிக்கினு நொறுங்கி நொய்யா பூடும். வேண்டுதல் முடிச்ச கை வேற."

டாக்டர் குனியக் கூடாது என்றுதான் சொன்னார், உலக்கை குத்தக் குனிய வேண்டாமே என்று எனக்கு நானே ஒரு சட்டம் பேசிக்கொண்டேன். வயிற்றை எக்கினேன், பல்லைக் கடித்தேன், மூச்சைப் பிடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. என்னைச் சுற்றி ஊஸ் ஊஸ் என்று அவர்கள் தாளம் போய்க்கொண்டிருந்தது, நான் மட்டும் கல் மாதிரி நின்று குத்தினேன். ஐந்தாவது குத்தில் என் உலக்கையின் இரும்புப் பூண் சாமைக்காரியின் பூணில் மோதியது. அந்த அதிர்ச்சி கை வழியாக ஏறி நேரே இடுப்பில் இறங்கியது. கொட்டிக் கிடந்த உமியின்மேல் விழுந்தேன்.

பெண்கள் அலறிக்கொண்டு ஓடிவந்தார்கள். என் மகள் அழவில்லை. அவர்களுக்குப் புரியவைக்க வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "எங்கம்மா ஒடஞ்சிருக்குது" என்றாள். நான் கட்டிக் காத்த ரகசியம் அத்தோடு முடிந்தது.

கயிற்றுக் கட்டிலில் போட்டு வீட்டுக்குத் தூக்கிவந்தார்கள். எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் முதல் முறையாக என் கணவர் குரலை உயர்த்தினார். "உன் கவுரவத்துக்கு நானும் எத்தன நாள் வாய மூடிக்கினு இருக்கறது?" என்று கேட்டார்.

மறுநாள் காலையில் சாமைக்காரி கதவைத் தட்டாமல் நேராக உள்ளே வந்தாள். கையில் சாமைக் கஞ்சி. அதைக் கீழே வைத்துவிட்டு என் பலகைக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டாள். மரியாதைக்குப் போட்ட "ங்க"வெல்லாம் ஒரே ராத்திரியில் போய்விட்டிருந்தது.

"நோவுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஒலக்கைய குடுப்பனா? இன்னாத்துக்கு பொய் சொன்ன?"

"குடுத்தது நீ. இப்ப என்னையே கேக்கறியா? கெளம்பு, போ" என்று கத்தினேன். கத்தியதில் வலி கூடியது. அவள் கிளம்பவில்லை, கோபப்படவும் இல்லை. என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். எனக்குக் கூச்சமாகிவிட்டது.

"இன்னா பாக்கற?"

"நீ எப்ப மூச்சு வுடுவன்னு பாக்கறேன்."

"எல்லாம் வுட்டுக்கினுதான் இருக்கேன்."

"இல்ல. நான் வந்து குந்தனதுலேர்ந்து பாக்கறேன். கொஞ்சம் இழுக்கற, அப்பிடியே வச்சிக்கற. நேத்தும் கேட்டேன், எங்க மூணு பேரு சத்தந்தான் வந்துச்சி. உன் சத்தம் வரல. மூச்ச உள்ள பூட்டிக்கினு குத்துனா ஒலக்க உன் இடுப்பத்தான் குத்தும்."

"எனக்கு ஒலக்கையே வேணாம் தாயே. ஆள வுடு."

"ஒலக்கைய யாரு குடுத்தா? படுத்த எடத்துலயே படு. மூச்ச மட்டும் குத்து."

பைத்தியமா இவள் என்று நினைத்தேன். அவள் என் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. என் முழங்கால்களை மடக்கி நிறுத்தி அடியில் கம்பளியைச் சுருட்டி வைத்தாள். பெல்ட்டை அவிழ்த்தாள். என் கையை எடுத்து என் வயிற்றின்மேலேயே வைத்தாள். உலக்கை ஏறுகிறது, மூக்கால் இழு. உலக்கை இறங்குகிறது, வாயைக் குவித்து விடு. அவசரப்படாதே, பெரிய உரல், ஆழமான உரல், உலக்கை அடி வரைக்கும் போகட்டும். இப்படிச் சொல்லிக்கொண்டே தானும் கூடவே ஊஸ் என்றாள். நான் வேண்டாவெறுப்பாக ஒரு ஊஸ் விட்டேன். இன்னொன்று. நாலாவதோ ஐந்தாவதோ, என் கைக்கு அடியில் வயிறு நடுங்க ஆரம்பித்தது. இத்தனை மாதமாக எக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று தானாகவே விட்டது. கூடவே கண்ணீர் வந்தது. வலியால் இல்லை. நான் எவ்வளவு களைத்துப்போயிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சத்தம் போட்டு அழுதேன். அவள் என் கண்ணைத் துடைக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை, பக்கத்தில் ஊஸ் ஊஸ் என்று குத்திக்கொண்டே இருந்தாள். மகள் கதவோரம் நின்று பார்த்தாள்.

அன்றைக்கே வலி போய்விட்டது என்று எழுதினால் அது பச்சைப் பொய். வலி அப்படியேதான் இருந்தது. ஆனால் அதன்மேல் பயம் ஏறி உட்காராமல், வலி வலியாக மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தை நாளுக்கு நாள் நீட்டினோம், அவ்வளவுதான் நாங்கள் செய்தது.

தினமும் ஊற்றுக்குப் போய் வரும் வழியில் குடத்தை வாசலில் இறக்கிவைத்துவிட்டு அவள் வருவாள். முதல் பத்து நாள் வெறும் மூச்சு. அப்புறம் படுத்தபடியே, மூச்சு இழுக்கும்போது இரண்டு கையையும் தலைக்கு மேல் கொண்டுபோய், விடும்போது இறக்குவது. அப்புறம் ஒருக்களித்துத் திரும்பி, மூச்சை விட்டுக்கொண்டே எழுந்து உட்காருவது. எழுந்திருக்கும்போது மூச்சைப் பிடிக்காமல் விட வேண்டும் என்பது எனக்கு எத்தனை பெரிய செய்தி! மாசி கடைசியில் எழுந்து நின்று, ஒரு கால் முன்னே வைத்து, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, வெறுங்கையால் இல்லாத உரலில் இல்லாத சாமையைக் குத்தினேன். பங்குனியில் கையில் ஒரு மூங்கில் கழி கொடுத்தாள். பிறகு ஊற்றுவரை நடை. இறக்கத்தில் நாலு எட்டுக்கு ஒரு மூச்சு, ஏற்றத்தில் இரண்டு எட்டுக்கு ஒன்று. ஏற்றத்தில் நான் பேச ஆரம்பித்தால், "பேசாத, ஊது" என்பாள். என்னைப் பேசாதே என்று சொல்லிவிட்டு உயிரோடு இருப்பவள் அவள் ஒருத்திதான்.

எவ்வளவு தூரம் போகலாம், எவ்வளவு குனியலாம் என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். அவளிடம் இருந்தது ஒரே ஒரு கணக்கு. "மூச்சு நின்னா நீயும் நில்லு. அது ஓடுனா நீயும் போ." முதலில் இது என்ன அளவு என்று சலித்துக்கொண்டேன். போகப்போகத்தான் தெரிந்தது, அதைவிடச் சரியான அளவை எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. குனியப் போவேன், நெஞ்சில் மூச்சு பிடிக்கும், அப்படியே நிற்பேன், ஊஸ் என்று விடுவேன், மறுபடி குனிவேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், "சார், ஒங்க வூட்டுல பாம்பு கீதா? சீறிக்கினே கீதே" என்று கேட்டார்களாம். "பாம்பு இல்ல, என் சம்சாரம்" என்றாராம் இவர். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லாமல் விட்டதற்கு நன்றி.

நடுவில் சறுக்கலும் உண்டு. வைகாசியில் உடம்பு தேறிவிட்ட திமிரில் தையல் மிஷினைத் தனியாக ஜன்னல் பக்கம் நகர்த்தினேன். இரண்டு நாள் படுக்கை. எல்லாம் போச்சு என்று நான் புலம்ப, சாமைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். "மூச்ச கழட்டி ஆணியில மாட்டிட்டு மிஷின தள்ளுனியா?" என்றாள். மறுபடியும் படுத்த இடத்திலிருந்து ஆரம்பித்தோம், இந்த முறை பத்து நாள் ஆகவில்லை, நாலே நாளில் எழுந்துவிட்டேன்.

எனக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. குளிர் நாளில் அந்த வலி எட்டிப்பார்க்கும். வந்தியா, உட்கார் என்பேன். காலையில் காபிக்கு முன்னால் கால் மணி நேரம் பலகையில் படுத்து மூச்சைக் குத்துவேன், பிறகு நின்று வெறுங்கையால் குத்துவேன். என் வயதுக்காரிகள் மூன்று மாத்திரை போடுகிற இடத்தில் நான் ஒன்று போடுகிறேன். இதையெல்லாம் யாருக்கும் வைத்தியமாகச் சொல்லவில்லை, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

இத்தனை நடந்தும் ஒன்று மட்டும் நடக்கவில்லை. ஆடியில் அரைக் குடம் தண்ணீர் சுமந்தேன். ஐப்பசியில் முழுக் குடம். அடுத்த தையில் பலாமரத்தடியில் உரல் நிறையக் கொட்டிய ஒரு முழு ஈடு சாமையைத் தாளம் தவறாமல் குத்தினேன், மற்றவர்களோடு என் ஊஸும் சேர்ந்து கேட்டது. குழந்தையை மட்டும் தூக்கவில்லை. குடம் கைதவறினால் உருண்டு போகும், குழந்தை விழுந்தால் என்ன செய்வேன்? அந்த ஈரக் கல் கண்முன்னே வந்து நிற்கும். பல தடவை அவளுக்கு முன்னால் போய் நின்று, அக்குளுக்கு அடியில் கையைக்கூடக் கொடுத்துவிடுவேன். அப்புறம் ரிப்பனைச் சரிசெய்வதுபோல் ஏதோ செய்துவிட்டு விலகிவிடுவேன். அந்த நேரத்தில் அவள் அசையாமல் நிற்பாள். இத்தனை துறுதுறுப்பான பிள்ளை ஏன் இப்படி நிற்கிறது என்று நான் யோசிக்கவில்லை.

சாமைக்காரியிடம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறவள் அன்றைக்குக் கையை விரித்துவிட்டாள்.

"அத நான் சொல்லித்தர முடியாதுக்கா. அவ கனம் உனக்குத்தான தெரியும்."

மாசியில் கண்ணமங்கலத்தில் என் தம்பிக்குக் கல்யாணம். அவருக்குப் பள்ளிக்கூடப் பரீட்சை, மறுநாள்தான் கிளம்ப முடியும். நானும் மகளும் காலை பஸ்ஸுக்கே முன்னதாகக் கிளம்பினோம். சாமைக்காரி எங்கள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரை வந்தாள். கண்டக்டர் பஸ்ஸின் கூரைமேல் நின்று புளி மூட்டைகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தார். படி என் மகளின் மார்பு உயரம் இருந்தது. அவள் வழக்கம்போல அண்ணாந்து அவரைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"இரும்மா, தோ வர்றேன்" என்றார் அவர் மேலேயிருந்து.

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அந்த இரண்டு கைகளும் எனக்கு நேரே இல்லாமல் யாரோ ஒருவரைப் பார்த்து நீண்டிருந்தன.

"வா கண்ணு. நான் தூக்கறேன்" என்றேன்.

அவள் சட்டென்று கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். ஒரு எட்டு பின்னால் வைத்தாள்.

"வேணாம்மா. நீ ஒடஞ்சிடுவ."

சாமைக்காரி பையைத் தலையிலிருந்து இறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உரல் முன்னால் நிற்பதுபோல ஒரு காலை முன்னே வைத்தேன். முழங்காலைத் தளர்த்தி அவள் உயரத்துக்கு இறங்கினேன். நெஞ்சில் மூச்சு நின்றது. நானும் நின்றேன். அது ஓடும் வரை காத்திருந்தேன். பிறகு அவள் அக்குளுக்கு அடியில் கை கொடுத்து, மூச்சை இழுத்து, ஊஸ் என்று விட்டுக்கொண்டே எழுந்தேன்.

அவள் வந்துவிட்டாள். இடுப்பு லேசாக முனகியது, முனகட்டும் என்று விட்டுவிட்டேன். படியில் ஏற்றிவிட எனக்கு மனம் வரவில்லை, மார்போடு அணைத்துக்கொண்டேன். அப்போதுதான் கவனித்தேன். குழந்தை விறைத்துப்போயிருந்தாள். கண்ணை இறுக மூடியிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, வயிற்றை உள்ளே எக்கிக்கொண்டு, மூச்சே விடாமல் இருந்தாள். நான் பதினாலு மாதம் இருந்த அதே மாதிரி. ரிப்பனைச் சரிசெய்த நாட்களிலெல்லாம் அவள் ஏன் அப்படி அசையாமல் நின்றாள் என்று எனக்கு இப்போது புரிந்தது.

"ஏன் கண்ணு? ஏன் மூச்ச புடிச்சிக்கினு இருக்க?"

கண்ணைத் திறக்காமல், காற்றை வீணாக்காமல், உதட்டோரத்தில் சொன்னாள்:

"கனமில்லாம இருக்கறதுக்கு."

கண்டக்டர் இறங்கி வந்து நின்றார். டிரைவர் திரும்பிப் பார்த்தார். பஸ்ஸே எங்களுக்காக நின்றுகொண்டிருந்தது.

"நீ கனமாவே இரு கண்ணு" என்றேன். "எவ்ளோ கனம்னாலும் அம்மா தூக்கிக்கிறேன். மூச்ச வுடு."

அவள் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு சாமைக்காரியைப் பார்த்தாள். சாமைக்காரி தலையில் பையோடு, வாயைக் குவித்துக் காட்டினாள். குழந்தையும் வாயைக் குவித்தாள். ஊஸ் என்று நீளமாக, வெதுவெதுப்பாக, என் கழுத்தில் விட்டாள். அவள் வயிறு தளர்ந்தது, கால்கள் தளர்ந்தன, தலை என் தோளில் சாய்ந்தது. அவளுடைய முழுக் கனமும் அப்போதுதான் என் கைக்கு வந்தது.

போளூர் போய்ச் சேரும் வரை நான் அவளைக் கீழே விடவில்லை.